மோகனா வீட்டு ஹால்

தனேஷ் கல்யாணப் பேச்சை எடுத்த அன்று மோகனா கோழிக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அதிரா என்று ஒரு பெண், பட்டர்வொர்த்தில் வீடு, பாயான் லெப்பாஸில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையிலேயே கணக்குப் பிரிவில் இருக்கிறாள், கொஞ்ச காலமாகப் பழக்கம் என்று அவன் அடுப்படி வாசலில் நின்றபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். மோகனா "சரி" என்றாள். பிறகு, "நல்ல பொண்ணுதானே?" என்றாள். அவன் ஆமாம் என்றான். அவள் கோழியை எண்ணெயில் போட்டுப் புரட்ட ஆரம்பித்தாள்.

அம்மா அழுவாள், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள், அதுவும் இல்லாவிட்டால் சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தவன் தனேஷ். என்ன செய்வதென்று தெரியாமல் குளிக்கப் போனான்.

மோகனா மூன்று வருடமாக அப்படித்தான் இருந்தாள். முன்பு அப்படி இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, விரல்நகம் அளவுப் பலகைகளில் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பிழைத்தவள். வாயாடி என்று பெயர் வாங்கியவள். தயாளன் அந்தத் தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டினார். ஜெலுத்தோங்கில் விடியுமுன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸுக்குப் போவார். முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்த பெண்ணைக் கடைசியில் கல்யாணம் செய்துகொண்டார். ஜெலுத்தோங் பிளாட்டில் எட்டாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு ஹாலுமாக வீடு வாங்கினார்கள். தனேஷ் அங்கேதான் பிறந்தான்.

ஒருநாள் காலை ஆட்களை இறக்கிவிட்டுப் பஸ்ஸை ஓரம் கட்டிய தயாளனால் சீட்டை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வலது பக்கம் முழுதாக விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சு மட்டும் துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தது. ஒரு சொல்லைத் தேடி எடுக்கவே அவருக்கு வெகு நேரம் ஆகும். எடுத்த பிறகு, கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

வீட்டுக்குக் கூட்டி வந்தபோது கோயில் சங்கத்தார் தலைப்பக்கத்தை உயர்த்தும் இரும்புக் கட்டில் ஒன்றைக் கொடுத்து உதவினார்கள். தூக்கி வந்தவர்கள் அதை அறைக் கதவுக்குள் நேராகவும் சாய்த்தும் நுழைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. அவர்களுடைய லாரி கீழே வழியை மறித்துக்கொண்டு நின்றதால் யாரோ ஹாரனை விடாமல் அடித்தார்கள். "இப்போதைக்கு இங்க இருக்கட்டும்க்கா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிக் கட்டிலை ஹாலில் போட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். கட்டில் அங்கேயே நின்றுவிட்டது.

கை கால் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் ஒருத்தி ஆரம்பத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்: இவரைத் தனியே ஒரு மூலையில் போட்டுவிடாதீர்கள், நாலு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மூளைக்கு நல்லது. மோகனாவுக்கு அந்த நாட்களில் யார் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. இது மட்டும் ஏறியது. அன்றிலிருந்து வாசல் கதவைத் திறந்தே வைத்தாள். இரும்பு கிரில் மட்டும் சாத்தியிருக்கும். நடைபாதையில் போகிற வருகிறவர்களை அவர் பார்க்கட்டும் என்று கட்டிலின் தலைப்பக்கத்தை வாசலை நோக்கி உயர்த்தி வைத்தாள். வேலையை விட்டாள். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். அறையில் இருந்த பெரிய கட்டிலில் பேம்பர்ஸ் பெட்டிகளும் துணி மூட்டைகளும் ஏறின. பிறகு அந்த அறையில் யாரும் படுக்கவில்லை.

அவள் துக்கப்பட்டாள் என்று சொல்ல முடியாது. எதுவுமே அவளுக்குள் இறங்கவில்லை, அவ்வளவுதான். அவரைத் திருப்பிப் போடுவாள், துடைப்பாள், கஞ்சியை வடிகட்டிக் கொடுப்பாள், துணி துவைப்பாள். ஒருமுறை கொதிக்கிற கஞ்சி மணிக்கட்டில் கொட்டிக் கொப்புளமே கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு ஸஹ்ரா அடுத்த நாள் கிரில் வழியாகப் பார்த்துவிட்டு, "அக்கா, கை என்னாச்சு?" என்று கேட்ட பிறகுதான் மோகனா குனிந்து பார்த்தாள். ஸஹ்ராவின் வீட்டுக்காரர் சூலியா தெருவில் பணம் மாற்றும் கடையில் வேலை பார்ப்பவர். இரண்டு குடும்பமும் ஒரே காலத்தில் அந்த மாடிக்கு வந்தவை. முன்பெல்லாம் ஸஹ்ரா சாயங்காலமானால் வந்து உட்கார்ந்துவிடுவாள். இப்போது கிரிலோடு நின்று பேசிவிட்டுப் போனாள். மற்றவர்களும் அப்படித்தான். முதல் சில மாதம் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்த சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல நின்று போனார்கள். மோகனா அதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதிரா முதல் தடவை வந்தபோது அவளை உட்கார வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. ஹாலின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டில். எதிர்ப் பக்கம் முழுக்க ஷோகேஸ். கூரை வரை உயர்ந்த, அடர் பழுப்பு நிறத்து அலமாரி அது. தயாளன் தமது முதல் போனஸில் வாங்கியது. அதன் ஒரு தோள் ஜன்னலில் பாதியை மறைத்திருந்தது. மிச்சப் பாதியில் சிவப்புத் திரை. பட்டப்பகலிலும் டியூப் லைட் எரிந்தது. தனேஷ் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து நடுவில் போட்டான். அதிரா உட்கார்ந்ததும் அவள் முழங்கால் கட்டில் கம்பியில் இடித்தது. அவள் தயாளனைப் பார்த்துக் கை கூப்பி, "வணக்கம் அங்கிள்" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூக்கம்மா அவருக்கு. மருந்து அப்படி" என்றாள் மோகனா. யார் வந்தாலும் அவர் தூங்கிவிடுவார் என்பதால் அவளுக்கு அந்தப் பதில் தயாராக இருந்தது.

பெண் வீட்டார் முறையாகப் பேச வரும் நாள் குறிக்கப்பட்டது. வீட்டைக் கொஞ்சம் சரி பண்ணலாம்மா என்று தனேஷ் தயங்கித் தயங்கிச் சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அதிராவும் அங்கேதான் இருக்கப் போகிறாள். வெளியில் வீடு எடுத்தால் அம்மா ஒருத்தியாக அப்பாவைத் தூக்க முடியாது என்று அவர்கள் இருவரும் ஏற்கெனவே பேசி முடிவு செய்திருந்தார்கள். மோகனா "சரி" என்றாள்.

அதிராவுக்கு இந்த விஷயத்தில் ஆசை இருந்தது. பட்டர்வொர்த் வீட்டில் அக்கா தங்கைகளோடு ஒரே அறையில் வளர்ந்தவள். சின்ன வீட்டைப் பெரிதாகக் காட்டுவது எப்படி என்று போனில் படம் பார்த்துப் பார்த்து, தன்னுடைய கட்டிலோரத்துச் சுவரையே பலமுறை மாற்றியவள். அவள் மோகனாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுவருக்கும் கதவுக்கும் ஒரே வெளிர் நிறம் அடித்தால் எங்கே சுவர் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாதாம். திரையை ஜன்னலுக்கு மேலே மாட்டாமல் கூரையை ஒட்டி மாட்டித் தரை வரை தொங்கவிட்டால் கூரை உயர்ந்த மாதிரி இருக்குமாம். கால் வைத்த சோபாவாக வாங்கி, அதன் அடியில் தரை தெரிய வேண்டுமாம். நாலு சின்னப் பாய் கிடப்பதைவிட ஒரே பெரிய பாய் நல்லதாம். ஜன்னலுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி. டியூப் லைட்டுக்குப் பதிலாக மூலைக்கொரு மஞ்சள் விளக்கு.

"வீடு பெரிசாகாது ஆண்டி. வர்றவங்க கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும். ஆனா அதுவே போதும்" என்றாள்.

மோகனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஷோகேஸை எடுத்துவிடலாமா என்று அதிரா பயந்து பயந்து கேட்டதற்கும் சரி என்றாள். மாமியார் இவ்வளவு நல்லவளா என்று அதிரா அன்று தனேஷிடம் கேட்டாளாம்.

கட்டிலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதிராவின் படங்களில் அந்த இடம் காலியாகவே இருந்தது. தனேஷ்தான் கடைசியில், அப்பாவை அறைக்கு மாற்றினால் என்ன என்று வாயைத் திறந்தான்.

"அவரு ஹால்லதான் இருப்பாரு" என்றாள் மோகனா. "வர்றவங்க போறவங்கள பாத்துக்கிட்டு இருந்தாத்தான் அவருக்கு நல்லது. மத்தது எதை வேணா எடுங்க."

மூன்று வருடத்தில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான். தனேஷுக்கு முகம் சிவந்துவிட்டது. அதிரா உடனே, இல்லை ஆண்டி, கட்டில் இருக்கட்டும், அதைச் சுற்றித்தான் செய்யப் போகிறோம் என்றாள். அன்று சாயங்காலமே படத்தை மாற்றினாள். கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு மெல்லிய மூங்கில் தட்டி வந்தது. தயாளன் கட்டிலில் கிடந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஷோகேஸைக் காலி செய்தார்கள். ஒருநாளும் யாருக்கும் கோப்பி ஊற்றித் தராத டீ செட், தனேஷ் பள்ளியில் வாங்கிய கோப்பைகள், சிங்கப்பூர் போனபோது வாங்கிய பொம்மை, காது உடைந்த யானை. மோகனா ஒவ்வொன்றையும் துடைத்துப் பெட்டியில் போட்டாள். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தனேஷ் கேட்டபோதெல்லாம் உன் இஷ்டம் என்றாள். பழைய சாமான் எடுப்பவர்கள் வந்து அலமாரியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தரை ஓடு புதிதாகப் பளபளத்தது. தயாளன் அந்த இடத்தைப் பார்த்தார். மோகனா துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டினாள்.

அடுத்தது பெயிண்ட். அந்த நாற்றம் தயாளனுக்கு ஆகாது, இருமல் வந்துவிடும். அடித்துக் காய்கிற வரைக்கும் அவரை அறைக்கு மாற்றியே ஆக வேண்டும். மூட்டைகளையும் பெட்டிகளையும் அகற்றி, பெரிய கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்தார்கள். அவரைப் புதிதாக வந்திறங்கிய சோபாவில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு, தனேஷ் ஸ்பேனரோடு இரும்புக் கட்டிலுக்கு அடியில் புகுந்தான். தலைப்பக்கமும் கால்பக்கமும் கழன்று வந்தன. துண்டுகளாக அது கதவு வழியாகச் சுலபமாக நுழைந்தது. கோப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மோகனா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

ஹால் முடிந்தபோது அது வேறு வீடு போலத்தான் இருந்தது. ஜன்னல் முழுதாகத் திறந்துகொண்டது. அதன் வழியே கடலும், தூரத்தில் பாலமும் தெரிந்தன. ஷோகேஸ் வாங்கிய நாளிலிருந்து பாதிப் பாலத்தைத்தான் அவர்கள் பார்த்து வந்திருந்தார்கள். வெள்ளைத் திரை கூரையிலிருந்து தரை வரை விழுந்தது. வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போனது. இரும்புக் கட்டில் திரும்பி வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பெண் வீட்டார் வர இன்னும் ஒருநாள்தான் இருந்தது. பெயிண்ட் வாசம் முழுக்கப் போகவில்லை என்பதால், அவர்கள் வந்து போன பிறகு கட்டிலை மாற்றிக்கொள்ளலாம் என்றான் தனேஷ். அவன் அதை மோகனாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மோகனா காலி இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பெண் வீட்டார் வந்தார்கள். தட்டு மாற்றினார்கள். உளுந்து வடையும் கேசரியும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பிளாட் வீடு என்றால் மூச்சு முட்டும் என்று நினைத்தோம், நல்லா காத்தோட்டமாத்தான் இருக்கு என்று அதிராவின் அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்று பாலத்தைப் பார்த்தார். அதிராவின் அம்மா மரியாதைக்கு எழுந்து அறைக்குள் சென்று தயாளனைப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், தூங்குறாரு" என்றாள். நாள் குறித்துவிட்டுக் கிளம்பினார்கள். நல்லபடியாக முடிந்ததில் தனேஷ் வியர்த்துப் போயிருந்தான். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

மோகனா அறைக்குள் போனாள். தயாளன் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எல்லாம் போயிட்டாங்க. வாங்க, ஹாலுக்குப் போலாம்."

அவர் தலையை ஆட்டினார். அவளுக்குப் புரியவில்லை.

"கட்டில மாத்தணும். தனேஷ் வரான்."

"வேணா" என்றார் தயாளன்.

மாற்றும்போது வலிக்கும் என்று பயப்படுகிறார் என்று நினைத்து, வலிக்காது, மெதுவாகத் தூக்குவான் என்றாள். அவர் இடது கையை உயர்த்திக் கதவைக் காட்டினார். சொல்லைத் தேடினார். மோகனா காத்திருந்தாள்.

"சாத்து."

"கதவையா?"

"ம்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அவர் மறுபடி தேட ஆரம்பித்தார். உதடு கோணிக்கொண்டு போனது. எச்சில் வழிந்தது. அதை அவள் துடைக்கப் போனபோது கையைத் தள்ளினார்.

"எல்லாரும்… பாக்குறாங்க" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, "மூணு… வருஷம்."

மோகனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்தே தனேஷ், மா, கழட்டலாமா என்று கேட்டான். இருக்கட்டும், இப்ப வேண்டாம் என்றாள்.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில் யாராவது வாசலில் குரல் கொடுத்தால், முதலில் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டுதான் அவர் வெளியே வருவார். சொந்தத் தம்பி வந்தால்கூட அப்படித்தான். பஸ் ஓட்டிய காலத்தில் காக்கிச் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் மறுபடி இஸ்திரி போடச் சொல்லி நிற்பார். அந்த மனிதனுக்கு அவள் ஒரு பழைய போர்வையைத் தடுப்பாகப் பிடித்துக்கொண்டு, வாசல் திறந்திருக்க, ஹாலில் வைத்துத் துணி மாற்றியிருக்கிறாள். நடைபாதையில் பிள்ளைகள் பந்து உருட்டிக்கொண்டு ஓடும். சில நேரம் நின்று பார்க்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

அவர் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அவர் தூங்குகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அழுகை வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. முழங்கால் மட்டும் வலித்தது. எழுந்து போய் வடைச் சட்டியைக் கழுவினாள். அப்பா அறையிலேயே இருக்கட்டும் என்று தனேஷிடம் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவன் ஸ்பேனரைக் கருவிப் பெட்டியில் போட்டு மூடினான். ஹாலில் விட்டிருந்த காலி இடத்தில் தனேஷ் சோபாவை இழுத்துப் போட்டான்.

அடுத்த வாரம் அதிரா வந்தாள். தனேஷ் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் நேராக அறைக் கதவருகே போய், தட்டிவிட்டு, "உள்ள வரலாமா அங்கிள்?" என்று கேட்டு நின்றாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. போனாள். மோகனா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அதுவரை யாரும் அறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்ததில்லை.

அதிரா போனில் நிறங்களைக் காட்டி, இந்த அறைக்கு எது வேண்டும் என்று கேட்டாள். ஹாலுக்கு அடித்த வெள்ளை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, அதையே அடித்தால் அறை நல்லா பெரிசாத் தெரியும் என்றாள். தயாளன் இடது கை விரலால் போன் திரையைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு நீலத்தில் வந்து நிறுத்தினார். மழைக்கு முன்னால் கடல் கறுத்துக் கிடக்குமே, அந்த நீலம்.

"இது ரொம்ப டார்க்லா அங்கிள். ரூம் இன்னும் சின்னதாயிடும்."

அவர் விரலை எடுக்கவில்லை. மோகனா கதவருகே வந்து நின்றுகொண்டாள். அவர் தேடுவது தெரிந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"சின்னதா… இருக்கட்டும்" என்றார்.

அதிரா நிமிர்ந்து மோகனாவைப் பார்த்தாள். சரி என்று சொல்வதற்கு மோகனாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. ஆனால் கேள்வி தன்னிடம் இல்லை என்று தோன்றி மூடிக்கொண்டாள்.

நீலம் அடித்தார்கள். அவருக்கு அந்த இரண்டு நாளும் ஹாலில் கட்டில் போட வேண்டியிருந்தது. மோகனா வாசல் கதவைச் சாத்தி வைத்தாள். பிறகு அதிரா அறையை ஒழுங்கு செய்தாள். ஹாலுக்குப் படித்த பாடம் எதுவும் அங்கே ஆகவில்லை. அவளே யோசித்துச் செய்தாள். பேம்பர்ஸ், மருந்து, கையுறை, வாளி எல்லாம் கட்டில் உயரத்துக்கு ஓர் அலமாரியில் போய், அதற்கு ஒரு துணித்திரை வந்தது. கட்டிலைத் திருப்பி, படுத்தபடியே ஜன்னல் தெரிகிற மாதிரி போட்டார்கள். கைக்கு எட்டும் இடத்தில் விளக்கின் சுவிட்ச். பெரிய கட்டில் யாருக்கோ போனது. மோகனாவுக்கு ஒரு மடக்குக் கட்டில் அறையிலேயே போட்டார்கள். இருள் நிறத்துச் சுவர்கள் நெருங்கி வந்து, பஸ்ஸின் முன்பக்கம் போலக் கச்சிதமாக இருந்தது அந்த அறை. தயாளன் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டு கரண்டி கஞ்சி அதிகம் குடித்தார். அதற்கு மேல் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு முன்பு போலவே துண்டாகத்தான் வந்தது. கை கால் அப்படியேதான் இருந்தன.

கல்யாணம் கோயிலில் நடந்தது. சக்கர நாற்காலியில் கூட்டிப் போகிறோம் என்று தனேஷ் சொன்னான். தயாளன் வேண்டாம் என்றார். தனேஷ் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஸஹ்ரா அவருடன் வீட்டில் இருக்கிறேன் என்று தானாகவே முன்வந்தாள். தாலி கட்டி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டை கேட்டிருந்தார். ஸஹ்ராவின் வீட்டுக்காரர் வந்து வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தார். மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள் எல்லோரும் மொத்தமாக அறைக்குள் நுழையப் பார்த்தார்கள்.

"ஒவ்வொருத்தரா" என்றார் தயாளன். அன்று அந்தச் சொல் எப்படியோ சீக்கிரம் வந்துவிட்டது.

ஒவ்வொருவராகப் போனார்கள். மற்றவர்கள் ஹாலில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள். சோபாவிலும் பாயிலும் இடம் இருந்தது. அவருடைய தம்பி உள்ளே போய்த் தனியே கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வெளியே வந்தார். மோகனா எல்லோருக்கும் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக வராத முகங்களைப் பார்த்தாள். கோபம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டம்ளர்கள் போதுமா என்றுதான் யோசித்தாள்.

அதற்குப் பிறகு ஸஹ்ரா மறுபடி சாயங்காலங்களில் வந்து உட்கார ஆரம்பித்தாள். முன்பு ஏன் வரவில்லை என்று மோகனா கேட்கவில்லை. அவளாகவே ஒருநாள் சொன்னாள்.

"அண்ணன் அப்படிப் படுத்திருக்கையில எங்க கண்ண வைக்கிறதுன்னே தெரியலக்கா. அவரப் பாத்தாலும் தப்பு, பாக்காட்டியும் தப்பு. அதான் வெளியில நின்னுட்டுப் போயிடுவேன்."

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள் மோகனா.

"உங்ககிட்ட யாருக்கா சொல்றது? எது சொன்னாலும் சரின்னு சொல்லுவீங்க."

மோகனா டம்ளரை எடுத்தாள். கோப்பியைக் குடித்தாள்.

ஹாலில் அவளுக்குப் பழக நாளானது. மூன்று வருடமாக உட்காருவது என்றால் அவர் கட்டிலின் ஓரம்தான். இப்போது எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதால் எங்கேயும் உட்காராமல் அடுப்படி வாசலில் சாய்ந்து நிற்பாள். தனேஷும் அதிராவும் வேலைக்குப் போய்விட்ட பகல் வேளைகளில், அறைக் கதவு சாத்தியிருக்க, வீடு அவளுக்கு மட்டுமாக இருந்தது. ஒருநாள் நின்று நின்று கால் கடுத்துச் சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். விழித்தபோது அதிரா வேலை விட்டு வந்து, சத்தம் காட்டாமல் சோறு வைத்து, தயாளனுக்கும் கஞ்சி கொடுத்து முடித்திருந்தாள். மோகனா பதறி எழுந்தாள். ஒன்றும் கெட்டுப் போகவில்லை அத்தை, படுங்க என்றாள் அதிரா. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வாயில் ஆண்டி போய் அத்தை வந்திருந்தது.

ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்த கண்ணாடிதான் மோகனாவுக்கு ஒத்துவரவில்லை. அடுப்படிக்கும் அறைக்குமாக அவள் நடக்கும்போதெல்லாம் நரைத்த பெண் ஒருத்தி கையில் வாளியோடு அதில் குறுக்கே போனாள். சில நாள் யாரோ வந்திருக்கிறார்கள் என்றே திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் இதை யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் புகழ்ந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது மோகனா, "அந்தக் கண்ணாடி எனக்குப் பிடிக்கல" என்றாள்.

தனேஷ் வாயில் தோசையோடு அப்படியே நின்றான். அதிராவுக்கு முகம் ஒரு கணம் சுருங்கியது. அது அவள் ஆசைப்பட்டு வாங்கியது. கண்ணாடி இல்லாவிட்டால் ஹால் பழையபடி சின்னதாகத் தெரியும் அத்தை என்றாள்.

"தெரிஞ்சா என்னா" என்றாள் மோகனா. "எந்நேரமும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அதிரா சிரித்தாள். அதைத் தங்கள் அறைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னாள். தனேஷ் கை கழுவிவிட்டு வந்து கண்ணாடியை இறக்கினான். சுவரில் ஒரு பெரிய ஆணி மட்டும் நின்றது. அங்கே என்ன மாட்டலாம் என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, மோகனா மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டரைக் கொண்டு வந்து அதில் மாட்டினாள். பெரிய சுவருக்கு அது பொருந்தவே இல்லை. தேதி பின்தங்கியிருந்ததால் நின்று சில தாள்களைக் கிழித்தாள். பிறகு தயாளனுக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.